மூன்றாம் அழைப்பு

சுடர்விழி என்ற அந்தப் பெண் நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளி, மூவருக்கும் தனித்தனியாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே போன பிறகும், அவள் உட்கார்ந்திருந்த வயர் நாற்காலியின் பின்னல் மெல்ல மெல்ல மேலெழுந்து தன் பழைய நிலைக்குத் திரும்பிக்கொண்டிருப்பதை ஞானசுந்தரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் எழுந்து போனபின் நாற்காலி அவரை மறப்பதற்கும் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. மனிதர்கள்தான் உடனே மறந்துவிடுகிறார்கள், அல்லது மறக்கவே முடியாமல் கிடக்கிறார்கள். "டீ வந்துரட்டும் மேடம், குடிச்சிக்கிட்டே முடிச்சிருவோம்" என்றார் கல்லூரிச் செயலர் ஆவுடைநாயகம். "மூணு வருஷச் சட்டப் படிப்புல இன்னும் ஒரு இடந்தான் இருக்கு. கேக்கறது ரெண்டு பேரு. இந்தப் பிள்ளை, அப்புறம் காலையில வந்த வக்கீல் வீட்டுப் பையன்." அட்டெண்டர் இசக்கி டீயைக் கொண்டுவந்து வைத்தார். ஏலக்காய் வாசனை எழுந்தது. கோப்பையின் மேல் ஆடை படியத் தொடங்கியிருந்தது. டீ ஆறுவதற்குள் ஒரு சொல் சொல்லியாக வேண்டும், அதுவும் தான் சொல்லியாக வேண்டும் என்பது அவளுக்கு நினைவிருந்தது. இந்தக் கல்லூரியில் பழைய செயலர் காலத்திலிருந்தே ஒரு வழக்கம்: கடைசி இடத்தில் கருத்து பிரிந்தால் பாடம் நடத்துகிற ஆசிரியர் சொல்வதே முடிவு. உள்ளே வந்தபின் அந்தப் பிள்ளையோடு மாரடிக்கப்போகிறவர் அவர்தானே என்பது அதற்குக் காரணம்.

"பிள்ளை கெட்டிதான், நான் இல்லேங்கல" என்றார் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தாணுலிங்கம், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "ஆனா வயசப் பாருங்க. பத்தொம்பதுகூட முடியல, அதுக்குள்ள பட்டத்த வாங்கிட்டு வந்து நிக்குது. கோர்ட்டுங்கிறது பரீட்சை ஹாலா? சொத்துக்கு அண்ணன் தம்பி வெட்டிக்கிட்டு வருவான், பொண்டாட்டி மூஞ்சியில ஆசிட் ஊத்தினவன் வந்து உக்காருவான். அதையெல்லாம் கேக்கறதுக்குக் காது கொஞ்சம் முத்தியிருக்க வேணாமா? ஒரு வருஷம் எங்கேயாவது வேலை பாத்துட்டு வரட்டும்." செயலர் தலையாட்டினார். "பையன் வீட்டுல அந்தக் கவலை இல்ல சார். தாத்தா காலத்துல இருந்து வக்கீலு. சட்டப் புத்தகத்த வச்சுத்தான் கதவுக்கு முட்டுக் கொடுப்பாங்க." நீதிபதி சிரித்துவிட்டார். "முட்டுக் கொடுத்தது தெரியுது. பிரிச்சுப் பாத்தாங்களாங்கறதுதான் தெரியல. காலையில அவன் சொன்ன பதிலக் கேட்டேனே." பிறகு குரலைத் தாழ்த்தி, கருணையோடுதான் சொன்னார்: "இந்தப் பிள்ளையோட அப்பன எனக்குத் தெரியும் மேடம். நான் அம்பாசமுத்திரத்துல இருக்கையில அங்க கோர்ட்டு டவாலி. என்ன குரலுங்கிறீங்க! வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டான்னா, பஸ் ஸ்டாண்டுல வடை தின்னுக்கிட்டு இருக்கிறவன் கையக்கூடக் கழுவாம ஓடியாருவான். அந்த வீட்டுப் பிள்ளை கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு உள்ள வந்தா, எழுந்திருச்சு பேசறதுக்கு முன்னாடியே டவாலி மகள்னு நாலு பேரு திரும்பிச் சிரிப்பான். அதைத் தாங்கணும்னா வயசு வேணும். நான் கெடுதலுக்குச் சொல்லல."

கெடுதலுக்குச் சொல்லவில்லை என்பது ஞானசுந்தரிக்குத் தெரிந்தது. அதுதான் சங்கடமாக இருந்தது. கெடுதலுக்குச் சொன்னதை மறுக்க அவளிடம் எப்போதும் சொற்கள் இருந்திருக்கின்றன. நல்லெண்ணத்தோடு வீட்டில் சொல்லப்பட்ட ஒன்றை மறுக்க முடியாமல்தான் ஒரு காலத்தில் வாயடைத்து நின்றிருக்கிறாள். எப்படி இவ்வளவு சீக்கிரம் முடித்தாய் என்று சற்று முன்பு கேட்டபோது அந்தப் பெண் சொன்ன பதில் அவளுக்குள் எங்கோ ஆணியில் மாட்டிய துணிபோலச் சிக்கிக்கொண்டது. அவர்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம், ஒரே டீச்சர்; வகுப்புக்கு ஒரு வரிசை. ஒன்றாம் வகுப்பு வரிசையில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு வரிசை தள்ளி அக்காவுக்கு நடந்த பாடத்தை இவள் ஒப்பித்திருக்கிறாள். "டீச்சர் ஒருநாள் என்னையத் தூக்கி அக்கா பக்கத்துல உக்கார வச்சிட்டாங்க மேடம். அங்கேயே இருந்துட்டேன்." சொல்லிவிட்டு அந்தப் பெண் சிரித்தாள். நீதிபதியும் செயலரும் சிரித்தார்கள். கேட்கத் தேவையில்லாத கேள்வியை அப்போதுதான் ஞானசுந்தரி கேட்டாள். அக்கா இப்போது என்ன செய்கிறாள்? "வெளியதான் இருக்கா மேடம். துணைக்கு வந்திருக்கா." படிக்கிறாளா? "பன்னெண்டாவதோட நிறுத்தியாச்சு." நிறுத்தியாச்சு. யார் நிறுத்தியது என்று அந்தச் சொல் சொல்வதில்லை. மழை பெய்தாச்சு, பொழுது விடிஞ்சாச்சு என்பதைப் போல, யார் கையும் படாமல் தானாக நடந்துவிட்ட காரியம்போல அது வந்து விழுகிறது. ஞானசுந்தரியின் வீட்டிலும் அவளுடைய அக்காவைப் பற்றி அந்தச் சொல்தான் புழங்கியது. அமிர்தத்த நிறுத்தியாச்சு.

ஜன்னல் திறந்திருந்தது. தாழ்வாரத்துக்கு அப்பால் புங்கை மரத்தடியில் சிமெண்டு பெஞ்சு. அதில் ஒரு பெண், மடியில் துணிப்பை, பையின் மேல் மடக்கிய குடை, குடையின் மேல் கோத்த கைகள். உள்ளே போனவருக்காக வெளியே காத்திருப்பவர்கள் எல்லோரும் ஏன் இப்படியே உட்காருகிறார்கள்? சொந்தமாக எதையும் வைத்துக்கொள்ளாமல், உள்ளே இருப்பவருடைய பொருள்களுக்குக் காவலாக. சுடர்விழி போய் அவள் அருகில் நின்றாள். பேச்சு காற்றில் துண்டு துண்டாக வந்தது. "என்னட்டி கேட்டாங்க?" "என்னென்னமோ கேட்டாங்க. உன்னையக்கூடக் கேட்டாங்கக்கா." "என்னையவா? நான் என்ன களவாண்டுட்டா வந்துருக்கேன்?" "அக்கா என்ன பண்ணுதான்னு." "எங்கக்கா ஐகோர்ட்டு ஜட்ஜின்னு சொல்ல வேண்டியதுதான. நீ ஏன் பேய் அறைஞ்ச மாதிரி நிக்க? மூஞ்சியெல்லாம் எண்ணெய் வடியுது. போ, அந்தக் கொழாயில மொகங்கழுவிட்டு வா. கூப்பிட்டா நான் சொல்லுதேன்." கூப்பிட்டா நான் சொல்லுதேன். ஞானசுந்தரி ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியும் பயனில்லை. சில சொற்கள் காது வழியாக வருவதில்லை. முன்பே உள்ளே இருந்தவை, வெளியே யாரோ சொன்னதும் எழுந்து உட்காருகின்றன.

சாத்தூரில் பெண்கள் பள்ளி, ஏழாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்த ஞானசுந்தரிக்குத் தலைமையாசிரியை டபுள் புரொமோஷன் கொடுத்து, ஆறாம் வகுப்பைத் தாண்டவைத்து, ஒரேயடியாக அக்காவின் வகுப்பில் கொண்டுவந்து விட்ட முதல் நாள். அப்பா பஞ்சாலை அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். அமிர்தவல்லியும் ஒரு மிட்டாயை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து தங்கைக்கு இடம் விட்டாள். அந்த இடம் எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. பெஞ்சு என்னவோ அதே நீளந்தான். டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார்கள். அமிர்தவல்லி. "உள்ளேன் டீச்சர்." அப்புறம் எத்தனையோ பெயர்கள். ஞானசுந்தரி. பெரிய பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்த பார்வையில் அவளுடைய நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஞானசுந்தரி! இரண்டாவது முறை. இன்னும் ஒரு முறை கூப்பிட்டு பதில் இல்லையென்றால் வராதவள் என்று போட்டுவிடுவார்கள். அப்போது பக்கத்திலிருந்து, தயங்காமல், "உள்ளேன் டீச்சர்" என்றாள் அமிர்தம். "ஏம்மா, ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வாயா?" என்றார்கள் டீச்சர். வகுப்பே சிரித்தது. அமிர்தமும் சிரித்தாள். மேசைக்குக் கீழே அவளுடைய கை தங்கையின் பாவாடை நுனியைப் பிடித்திருந்தது. அந்தப் பிடியின் ஈரம் இப்போதும், இந்த அறையில், டீக்கோப்பையைப் பிடித்திருக்கிற விரல்களில் இருக்கிறது. ஆமாம், ஒரே வாய். ஒரே புத்தகம். ஒரே ஜியாமெட்ரி பெட்டி. பத்தாம் வகுப்பில் அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை நடந்து வீட்டில் ஆள் வேண்டியிருந்தபோது அப்பா கோபமே இல்லாமல், கணக்குப் போடுகிறவர் கணக்கைச் சொல்வதுபோலச் சொன்னார்: "ரெண்டும் ஒரே வகுப்புதான? ஒண்ணு போனா போதும். சாயந்தரம் வந்து மத்ததுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்." எவ்வளவு நியாயமாக இருந்தது! வெவ்வேறு வகுப்பாக இருந்திருந்தால் அந்த நியாயம் பிறந்திருக்காது. தங்கை ஆறிலும் அக்கா ஏழிலும் இருந்திருந்தால், தங்கை ஒன்பதிலும் அக்கா பத்திலும் இருந்திருந்தால், இரண்டு வேறு பாடங்கள், இரண்டு வேறு பரீட்சைகள், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று என்று எவராலும் சொல்ல முடியாது. அவள் தாண்டிவந்த அந்த ஒரு வகுப்புதான் அக்காவின் காலடியில் இல்லாமல் போனது. முதல் சில நாள்கள் மாலையில் வந்து சொல்லிக்கொடுத்தாள். அடுப்படியில் புகைக்கு நடுவே அமிர்தம் ஒரு கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்பாள். பிறகு ஞானசுந்தரிக்குப் பரீட்சை வந்தது. பிறகு அமிர்தம் கேட்கவில்லை. பிறகு இவள் சொல்லவில்லை.

அதுகூட இல்லை. அதுகூடத் தாங்கிக்கொள்ளக்கூடியது. தாங்க முடியாதது, நிறுத்திய பிறகும் அமிர்தவல்லியின் பெயர் பதிவில் இருந்த நாள்கள். டீச்சர் தினமும் அந்தப் பெயரில் வந்து நிற்பார்கள். அமிர்தவல்லி. மின்விசிறியின் சத்தம். அமிர்தவல்லி. பக்கத்து இடம் காலி. பெஞ்சில் இப்போது தாராளமாக உட்காரலாம். மூன்றாவது முறை கூப்பிடும்போது டீச்சரின் கண்கள் நேராக ஞானசுந்தரியின்மேல் வரும். அக்கா ஏன் வரவில்லை என்று எழுந்து சொல்லியிருக்கலாம். டீச்சர் நல்லவர்கள், வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பேசியிருப்பார்கள், அதே வகுப்பில் நிறுத்தப்பட்ட பொன்னுத்தாயின் வீட்டுக்கு அப்படிப் போய் அவளைத் திரும்பக் கூட்டிவந்தவர்கள்தானே. அது தெரிந்தேதான் ஞானசுந்தரி பெஞ்சின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா திரும்பி வந்தால் தன்னை நிறுத்துவார்கள் என்ற பயம் அப்போது இருந்ததா, இல்லை, இந்த நாற்பது வருடங்களில் அவளே கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்ததா? குறுக்கு விசாரணையில் சாட்சியை மடக்குவதுபோலத் தன்னையே எத்தனையோ முறை மடக்கிப் பார்த்திருக்கிறாள். சாட்சி ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகச் சொல்கிறது. கடைசியில் டீச்சரின் பேனா அமிர்தத்தின் பெயர்மேல் குறுக்கே ஓடிய சிறு கீச்சொலி மட்டும் மாறுவதில்லை. பத்தொன்பது வயதில் அவள் சட்டக் கல்லூரி நேர்முகத்துக்குப் போனபோதும் துணைக்கு வந்தது அமிர்தந்தான், நிறைமாதமாக, மடியில் பையும் குடையுமாக. "கெடச்சிருச்சாட்டி?" என்று எழுந்தாள். கிடைத்துவிட்டது. "அப்ப இனிமே உன்னைய நீ வா போன்னு சொல்லப்படாதுல்லா" என்று கன்னத்தைக் கிள்ளினாள். விளையாட்டுதான். எந்த வருடத்தில் அது விளையாட்டாக இல்லாமல் போனது? வாங்க, உக்காருங்க, காபி போடட்டுங்களா. தங்கை வாசலில் நுழைந்ததும் எழுந்து நின்றுவிடுகிற அக்கா. எத்தனை முறை கடிந்தும், "இருக்கட்டுங்க, பழகிருச்சு." கடைசியில் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். ஸ்கேன் அறைக்கு வெளியே நர்ஸ் பெயரைக் கூப்பிட்டார். அமிர்தவல்லி. மகன் பெயரைச் சேர்த்து எல்லோரும் செந்திலம்மா என்றே கூப்பிட்டுப் பழகிப்போனவளுக்குத் தன் பெயர் காதில் ஏறவில்லை. ஏற வேண்டியது இவளுக்கு. இவள் தூணோரம் பல்கலைக்கழகக் கூட்டத்தைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டு நர்ஸ் அடுத்த பெயருக்குப் போனார். "பரவாயில்லைங்க, பொறவு கூப்பிடுவாங்க" என்றாள் அமிர்தம். கூப்பிட்டார்கள். போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியில் யாருக்கும் கேட்காமல் ஒரு முறை கூப்பிட்டார்கள். அதற்கு அவள் உடனே போய்விட்டாள்.

"மேடம், டீ ஆறுதே" என்றார் செயலர். ஆடை தடித்து, நடுவில் சுருங்கியிருந்தது. ஞானசுந்தரி அதை விரலால் ஒதுக்கினாள். இந்தப் பெண்ணுக்கு இடம் கொடுத்தால், அங்கே பெஞ்சில் இருப்பவளின் கதை முடிந்து முத்திரை வைத்ததாக ஆகிவிடும். அந்த முத்திரையைக் குத்துவது தன் கையாக இருக்கும். கொடுக்காவிட்டால்? இரண்டு பேரும் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஒரே சீட்டில் திரும்பிப் போவார்கள். அக்காவிடமிருந்து எடுத்தது தங்கையிடமும் இல்லாமல் போகும். அதில் அமிர்தத்துக்கு என்ன திரும்பக் கிடைக்கும்? ஒரு வருடம் கழித்து வரட்டும் என்கிறார் நீதிபதி. ஒரு வருடத்தில் என்னென்ன நிறுத்தியாச்சாகும் என்று அவருக்குத் தெரியாது. அமிர்தம் என்ன சொல்லியிருப்பாள் என்று அவள் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தாள். நீங்க படிச்சவங்க, பாத்துச் செய்ங்க. அந்தக் குரல் வேண்டாம். அதற்கு முந்திய குரல், ஏட்டி என்று கூப்பிட்ட குரல், அது எவ்வளவு தோண்டியும் வரவில்லை. தான் கொடுக்க நினைப்பது அந்தப் பெண்ணுக்காகவா, தன் பழைய இருட்டில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டுத் தப்பித்துக்கொள்வதற்காகவா? மறுக்க நினைத்தால் அதுவும் தனக்காகத்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் முகமே தெரிகிற அறையாக இருந்தது. அப்படியானால் தன்னை எண்ணுவதை விட்டுவிட்டு, சற்று முன் கேட்ட பதில்களை மட்டும் எண்ண வேண்டும். பையன் தாத்தாவின் வழக்குகளைச் சொன்னான். இந்தப் பெண், கேட்ட கேள்வி புரியாதபோது, புரியவில்லை, இன்னொரு தடவை கேளுங்கள் என்று சொன்னாள். இன்று வந்தவர்களில் அப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

"பொண்ணுக்கே கொடுத்துருவோம் சார்" என்றாள் ஞானசுந்தரி. தன் குரல் எங்கோ கூடத்தின் மறுகோடியிலிருந்து வருவதுபோல இருந்தது. "வயசு?" என்றார் நீதிபதி. "வயசு தானா ஆயிரும் சார். அதுக்கு நாம ஒண்ணும் செய்ய வேண்டாம்." "அதுசரி. அந்த டவாலி மகளுங்கிற பேச்சு?" "பேரைக் கூப்பிடுற வீட்டுல இருந்து வர்ற பிள்ளை. கூப்பிட்டும் ஆள் வராமப் போனா என்ன ஆகும்னு நம்மள விட அதுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும்." நீதிபதி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கினார். செயலர் வருத்தத்தோடு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு இசக்கியிடம் கைகாட்டினார். இசக்கி தாழ்வாரத்துக்குப் போய் நின்று கூப்பிட்டார். "சுடர்விழி!" புங்கை மரத்திலிருந்து ஒரு காக்கை எழுந்து பறந்தது. ஞானசுந்தரி ஜன்னலைப் பார்த்தாள். குழாய் இருந்தது கட்டடத்தின் பின்பக்கம். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது. "சுடர்விழி!" பெஞ்சில் இருந்தவள் தலையை நிமிர்த்தினாள். குழாய்ப் பக்கம் பார்த்தாள். இசக்கியைப் பார்த்தாள். அவளுடைய உதடுகள் சேர்ந்தே இருந்தன. குடையின் மேலிருந்த விரல்கள் மட்டும் இறுகின. அந்த விரல்களை ஞானசுந்தரிக்குத் தெரியும். நாற்காலியை விட்டு எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்று தான் செய்ததுபோல அந்த அக்காவும் பேசாமல் இருக்கப்போகிறாள். இருக்கட்டும், அவளுக்கு அதற்கு உரிமை உண்டு. பெஞ்சின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு உலகத்தில் யாருக்காவது உரிமை உண்டென்றால் அது இவளுக்குத்தான். இசக்கி மூன்றாவது முறைக்கு மூச்சை இழுத்தார். "சுடர்விழி!"

"இருக்கா! இருக்கா சார்!" அந்தக் குரல் தாழ்வாரத் தூண்களில் மோதி, அறைக்குள் நுழைந்து, மேசைமேல் இருந்த கோப்பைகளை நடுங்கவைத்ததுபோல இருந்தது. "மொகங்கழுவுதா, இந்தா வந்துருவா! ஏட்டீ சுடரு! ஓடியா, கூப்பிடுதாவ!" நீதிபதி தாணுலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையிலிருந்த பிஸ்கட் நனைந்து டீக்குள் விழுந்தது. "அவ அப்பன் குரலுல்லா அது" என்றார். "அப்படியே அந்தக் குரலு. இவகிட்டயா வந்து கெடக்கு?" ஈர முகத்தோடு சுடர்விழி ஓடிவந்து அறைக்குள் நுழைந்தபோது ஞானசுந்தரி அவளைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தாள். பெஞ்சில் இருந்தவள் பதறி எழுந்தாள், பையும் குடையுமாக. "கத்திட்டேன் மேடம், தப்பா நெனைக்காதீங்க. அவளுக்குக் கேக்கலையேன்னு." "உன் பேரு என்னம்மா?" அந்தப் பெண் தனக்குப் பின்னால் யாரையோ கேட்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் மரந்தான் இருந்தது. "என் பேரா?" "உன் பேருதான்." "பேச்சியம்மா, மேடம்." கூடத்தையே அதிரவைத்த குரல் தன் பெயருக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டது. "பன்னெண்டாவதுல நீ எப்படி? தங்கச்சி அளவுக்கு மார்க் வாங்கினியா?" பேச்சியம்மா குடையின் கைப்பிடியைத் திருகினாள். அறை வாசலைப் பார்த்துக்கொண்டாள், உள்ளே கேட்டுவிடக் கூடாதென்பதுபோல. "அவளவிடக் கொஞ்சம் கூடத்தான், மேடம். அவ சின்னவ, அதான்." அதான். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. வெயில் புங்கை இலைகளின் வழியாக அவளுடைய கைகளில் துண்டு துண்டாக விழுந்திருந்தது. "பேச்சியம்மா" என்று ஞானசுந்தரி ஒருமுறை சத்தமாகச் சொன்னாள், வேறெதற்காகவும் அல்ல, யாராவது அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக. அந்தப் பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு, அந்த முகத்தில் சிறு குறும்பு வந்தது. "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஞானசுந்தரியால் சிரிக்க முடியவில்லை. எங்கோ ஒரு வகுப்பறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெயரின்மேல் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, டீச்சர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.